பானட்டுக்குள்ளே ஓயாத பேச்சு... தெரியுமா?

இண்டிகேட்டர் போட்டதும் 'டிக்... டிக்...' என்று கேட்கிறதே, அந்தச் சத்தம் இன்றைய கார்கள் பலவற்றில் வெறும் நடிப்பு, தெரியுமா? முன்பெல்லாம் டேஷ்போர்டுக்கு அடியில் ஃபிளாஷர் ரிலே என்று ஒன்று இருக்கும். அது நிஜமாகவே துடிக்கும். அந்தத் துடிப்புதான் காதில் விழும். இப்போது அந்த வேலையை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி சத்தமே இல்லாமல் முடித்துவிடுகிறது. ஆனால் சத்தம் கேட்காவிட்டால் நாம் இண்டிகேட்டரை அணைக்க மறந்து ஊரெல்லாம் கண்ணடித்துக்கொண்டே போவோமே! அதனால் மீட்டர் போர்டு, 'இண்டிகேட்டர் எரிகிறது' என்ற சேதியைக் கேட்டுக்கொண்டு, பழைய ரிலேயின் குரலை ஒரு ஸ்பீக்கரில் எழுப்புகிறது.

மீட்டர் போர்டுக்கு அந்தச் சேதியைச் சொன்னது யார்? அங்கேதான் கதை ஆரம்பம்.

ஒரு சாதாரணக் காரிலேயே எஞ்சினுக்கு ஒரு பெட்டி, ஏபிஎஸ் பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, பவர் ஸ்டியரிங்குக்கு ஒன்று, கதவு, கண்ணாடி, விளக்குக்கெல்லாம் சேர்த்து ஒன்று, ஏசிக்கு ஒன்று என்று குட்டிக் கம்ப்யூட்டர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒர்க்‌ஷாப்பில் ஈசியூ, ஈசிஎம் என்று சொல்வது இவற்றைத்தான். பெரிய சொகுசுக் கார்களில் எண்ணிக்கை 100-ஐத் தொடும். சரி, 20 பெட்டிகள் என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் தனித்தனியாகப் பேச வேண்டுமென்றால் 190 இணைப்புகள் வேண்டும். போட்டுப் பாருங்கள், கணக்கு சரிதான். ஆனால் நிஜத்தில் எத்தனை ஒயர் போதும் தெரியுமா? இரண்டே இரண்டு! ஒன்றோடொன்று முறுக்கிய, நூடுல்ஸ் கனம்கூட இல்லாத இரண்டு ஒயர்கள். எல்லாப் பெட்டிகளும் அந்த இரண்டிலேயே தொங்கலாம். இதற்குப் பெயர் கேன் பஸ்.

இந்த யோசனை பிறந்த இடம் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம். 1983-ல் வேலை தொடங்கியது. ஊவே கீன்கே தலைமையில் உருவான இந்த முறையை 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் உலகத்துக்குக் காட்டினார்கள். மறு வருஷமே இன்டெல் இதற்கான சிப்பைச் செய்துவிட்டது. ஆனால் பாருங்கள், காருக்காகவே பிறந்த இதை முதலில் ஆசையாக எடுத்துக்கொண்டவர்களில் லிஃப்ட் செய்கிறவர்களும், எக்ஸ்ரே இயந்திரம் செய்கிறவர்களும், நெசவு இயந்திரம் செய்கிறவர்களும் உண்டு! மெர்சிடிஸ் பென்ஸ் தன் எஸ்-கிளாஸ் காரில் இதை ஏற்றியது 1991 வாக்கில்தான். 1993-ல் உலகத் தரமாகவே ஆகிவிட்டது.

அப்படி என்ன பெரிய யோசனை? இதுதான்: இந்த ஒயரில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அனுப்புநர்' இல்லை, 'பெறுநர்' இல்லை. ஊரில் தண்டோரா போடுகிற மாதிரி, சேதியைப் பொதுவில் சொல்லிவிட வேண்டியது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஒவ்வொரு சேதியின் முன்னாலும் ஒரு எண் இருக்கும். 'இது சக்கர வேகம்', 'இது எஞ்சின் சூடு' என்று அந்த எண்தான் சொல்லும். யார் பேசுகிறார்கள் என்பது பேச்சிலேயே இல்லை!

இதனால் என்ன லாபம் தெரியுமா? ஏபிஎஸ் பெட்டி நான்கு சக்கரத்தின் வேகத்தையும் அளந்து விநாடிக்குப் பல முறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. பிரேக் சறுக்காமலிருக்கத்தான் அது அளக்கிறது. ஆனால் அதே சேதியைக் கேட்டு மீட்டர் போர்டு முள்ளை நகர்த்துகிறது. அதே சேதியைக் கேட்டு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அடுத்த கியரை முடிவு செய்கிறது. பவர் ஸ்டியரிங் வேகம் கூடக் கூடத் தன்னை இறுக்கிக்கொள்கிறது. கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறது. பாட்டுப் பெட்டி காற்றிரைச்சலுக்கு ஏற்ப சத்தத்தைக் கூட்டுகிறது. சுரங்கப் பாதைக்குள் ஜிபிஎஸ் கைவிட்டதும், சக்கரம் எவ்வளவு உருண்டது என்பதை வைத்து நேவிகேஷன் சமாளிக்கிறது. சில கார்களில் டயர் காற்று இறங்கியதைக்கூட இதிலிருந்தே கண்டுபிடிக்கிறார்கள். காற்று குறைந்த டயர் கொஞ்சம் குட்டையாகும், அதனால் மற்றதைவிடக் கூடுதலாகச் சுற்றும்! இத்தனைக்கும் ஏபிஎஸ் பெட்டிக்கு இவர்களில் ஒருவரையும் தெரியாது.

ஸ்பீடாமீட்டருக்குக் கேபிள் மாற்றிய காலம் நினைவிருக்கிறவர்கள் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

சரி, எல்லாரும் பொதுவில் பேசலாம் என்றால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால்? சட்டசபை ஆகிவிடாதா? ஆகாது! எனக்கு இந்த முழு விஷயத்திலும் பிடித்தது இதுதான்; கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

யாரும் பேசாதபோது இரண்டு ஒயரிலும் 2.5 வோல்ட் இருக்கும். ஒரு பெட்டி '1' சொல்ல வேண்டுமென்றால் அது ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்கும். '0' சொல்ல வேண்டுமென்றால் ஓர் ஒயரை 3.5 வோல்ட்டுக்கு ஏற்றி, மற்றதை 1.5-க்கு இறக்கும். ஆக, 0 பலசாலி, 1 சாது. ஒருவர் 0 சொல்லும்போது ஒன்பது பேர் 1 சொன்னாலும் ஒயரில் தெரிவது 0 மட்டும்தான். அடுத்த விதி: பேசுகிற பெட்டி தான் சொன்னது ஒயரில் அப்படியே ஒலிக்கிறதா என்று தானும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது எண் 288 உள்ள சேதியும் எண் 304 உள்ள சேதியும் ஒரே நொடியில் புறப்படுகின்றன என்று வையுங்கள். 288-ஐ 11 இலக்க இரும எண்ணாக எழுதினால் 00100100000. 304 என்றால் 00100110000. முதல் ஆறு இலக்கம் வரை இரண்டும் ஒன்றே. ஒருவருக்கொருவர் இருப்பதே தெரியாது. ஏழாவது இலக்கத்தில் 288 சொல்வது 0. 304 சொல்வது 1. ஒயரில் கேட்பதோ 0. '1 சொன்னேன், 0 கேட்கிறதே!' என்று 304 அந்தக் கணமே வாயை மூடிக்கொள்கிறது. 288-க்கு இப்படி ஒரு போட்டி நடந்ததே தெரியாது. ஒரு பிட்கூடச் சிதையவில்லை, ஒரு கணம்கூட வீணாகவில்லை, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதும் இல்லை. 304 அடுத்த இடைவெளியில் மறுபடி முயலும். சிறிய எண்ணுக்குத்தான் முதல் மரியாதை. அதனால்தான் காரை வடிவமைக்கிறவர்கள் பிரேக், எஞ்சின் போன்ற உயிர் காரியங்களுக்குச் சிறிய எண்களையும், ஏசி சமாசாரங்களுக்குப் பெரிய எண்களையும் கொடுக்கிறார்கள். நடுவில் பஞ்சாயத்துப் பண்ண ஆளே கிடையாது!

இதெல்லாம் எவ்வளவு நேரத்தில்? பெரும்பாலான கார்களில் எஞ்சின் பக்கத்து ஒயர் விநாடிக்கு 5 லட்சம் பிட் வேகத்தில் ஓடுகிறது. ஒரு முழுச் சேதி முடியக் கால் மில்லிவிநாடிதான். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் அந்த நேரத்தில் எவ்வளவு நகர்ந்திருக்கும்? 7 மில்லிமீட்டர்!

இவ்வளவு சீக்கிரம் முடிய ஒரு காரணம், சேதி அத்தனை குட்டி. ஒரு சேதியில் 8 பைட்தான் அடங்கும். 'அம்மா' என்று தமிழில் வழக்கமான யூனிகோடு முறையில் சேமிக்க 15 பைட் ஆகும். அதாவது காரின் நரம்பு மண்டலத்தில் ஒரே மூச்சில் அம்மாவைக்கூடக் கூப்பிட முடியாது. ஆனால் ஒரு காரை ஓட்ட அது தாராளம். 2012-ல் வந்த புதிய வகையில் 64 பைட் வரை ஏற்றலாம்.

ஒயரை ஏன் முறுக்கியிருக்கிறார்கள் தெரியுமா? அழகுக்கு இல்லை. எஞ்சின் அறையில் ஸ்பார்க் பிளக், ஆல்டர்னேட்டர், ஃபேன் மோட்டார் என்று எத்தனையோ மின் இரைச்சல். அந்த இரைச்சல் ஓர் ஒயரில் 1 வோல்ட்டை ஏற்றினால், ஒட்டிக்கொண்டே போகிற மற்றதிலும் 1 வோல்ட்டை ஏற்றும். 3.5, 1.5 என்பது 4.5, 2.5 ஆகிவிடும். வித்தியாசம்? அதே 2 வோல்ட். பெட்டிகள் பார்ப்பது வித்தியாசத்தை மட்டும்தான்! மியூசிக் சிஸ்டம் மாட்டுகிறேன் பேர்வழி என்று இந்த முறுக்கைப் பிரித்துப் போடுகிறவர்களை என்ன சொல்ல?

இன்னும் இருக்கிறது. சேதியைச் சரியாகக் கேட்டவர்கள் அதன் கடைசியில் இருக்கும் ஒரு காலி இடத்தில் 0 போட்டு 'கேட்டாச்சு' என்பார்கள். யார் போட்டது என்று தெரியாது. யாரோ ஒருவர் கேட்டார் என்பதே போதும். மாறாக, யாராவது ஒருவருக்குச் சேதியில் பிழை தெரிந்தால், உடனே ஆறு 0-வைத் தொடர்ந்து போட்டு அந்தச் சேதியையே குலைத்துவிடுவார். எல்லாரும் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சொன்னவர் திரும்பச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஒரு பெட்டி கெட்டுப்போய் உளறிக்கொண்டே இருந்தால்? இங்கேதான் பாஷ்காரர்களின் மூளையைப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் தன் தவறுகளைத் தானே எண்ணுகிறது. அனுப்புவதில் ஒரு தவறு நேர்ந்தால் கணக்கில் 8 ஏறும். சரியாக அனுப்பினால் 1 தான் இறங்கும். கணக்கு 127-ஐத் தாண்டினால், மற்றவர்களின் சேதியைக் குலைக்கும் உரிமையை இழந்துவிடும். 255-ஐத் தாண்டினால், அதாவது தொடர்ந்து 32 தவறு செய்தாலே, தன்னைத் தானே ஒயரிலிருந்து துண்டித்துக்கொள்ளும்! மற்றவர்கள் விலக்கி வைக்கவில்லை, தானாகவே வெளிநடப்பு. திரும்பி வர வேண்டுமென்றால் 128 முறை, 11 பிட் நீளத்துக்கு ஒயர் அமைதியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் வரலாம்.

இந்தப் பொதுப் பேச்சால் நடக்கிற சின்னச் சின்ன மாயங்கள் தெரியுமா? மழையில் முன் வைப்பர் ஓடும்போது ரிவர்ஸ் கியர் போட்டுப் பாருங்கள். பல கார்களில் பின் வைப்பர் தானாக ஒரு தடவை துடைக்கும். யாரும் பட்டன் அழுத்தவில்லை. சில ஜெர்மன் கார்களில் மழை பெய்கிறது என்ற சேதி கேட்டதும், பிரேக் பேடு டிஸ்க்கை அவ்வப்போது லேசாக உரசி ஈரத்தை விரட்டிவிடும். காலில் தெரியவே தெரியாது. ஆட்டோமேட்டிக் கியர் மாறும் கணத்தில் கியர்பாக்ஸ் எஞ்சினைப் பார்த்து 'கொஞ்சம் இழுவையைக் குறை' என்று கேட்கும். எஞ்சின் ஸ்பார்க்கைச் சற்றே தள்ளிப்போட்டு விட்டுக்கொடுக்கும். கியர் விழுந்ததும் பழையபடி இழுக்கும். நமக்கோ வெண்ணெய் வழுக்கியது போல ஒரு கியர் மாற்றம். 1995-ல் எஸ்-கிளாஸ் கூப்பேயில் அறிமுகமான ஈஎஸ்பி, அதுதான் வளைவில் வண்டி சறுக்காமல் பிடிக்குமே, அதுவும் ஸ்டியரிங் கோணம், சக்கர வேகம், எஞ்சின் மூன்றும் சேர்ந்து பேசினால்தான் சாத்தியம்.

ஏர்பேக்? அதை வெடிக்க வைக்கும் மின்சாரம் இந்தப் பொது ஒயரில் போவதில்லை. அதற்கு நேர் ஒயர். உயிர் விஷயத்தில் முறை வரும்வரை காத்திருக்க முடியாது. ஆனால் வெடித்த பிறகு 'மோதிவிட்டது' என்று பொதுவில் அறிவிக்கும். கதவுப் பூட்டு திறந்துகொள்ளும், பெட்ரோல் பம்ப் நின்றுவிடும், நான்கு இண்டிகேட்டரும் மின்னத் தொடங்கும்.

இந்தப் பேச்சை நாமும் ஒட்டுக்கேட்கலாம், தெரியுமா? ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் தடவினால் 16 துளையுள்ள ஒரு சாக்கெட் கைக்குத் தட்டுப்படும். அமெரிக்கா 1996-லிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் ஓபிடி-2 என்ற இந்த முறையைக் கட்டாயமாக்கியது. 2008 மாடல் முதல் அதில் கேன் மொழிதான் பேச வேண்டும் என்றது. 6-ஆம் துளையும் 14-ஆம் துளையும்தான் நம் இரண்டு ஒயர்கள். ஸ்கேனரை மாட்டி, 'எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது?' என்று கேட்டால், கேள்வி 2015 என்ற எண்ணில் போகும். 2024 என்ற எண்ணில் எஞ்சின் பதில் சொல்லும். பதிலில் இரண்டு பைட் வருகிறது: 26, 248. முதலாவதை 256-ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, 4-ஆல் வகுக்க வேண்டும். 6904-ல் நாலில் ஒன்று, 1726. நிமிடத்துக்கு 1726 சுற்று! கூலன்ட் சூட்டுக்கு ஒரே பைட்தான். 130 என்று வந்தால் 40-ஐக் கழித்து 90 டிகிரி என்று படிக்க வேண்டும். ஏன் 40-ஐக் கழிக்க வேண்டும்? பைட்டில் மைனஸ் கிடையாதே! பனிப் பிரதேசத்தில் உறைந்து நிற்கும் வண்டி மைனஸ் 40 டிகிரியைச் சொல்ல 0 என்று அனுப்பினால் போதும்.

ஸ்கேனரில் யு என்று தொடங்கும் கோட் வந்தால் பெரும்பாலும் அந்தப் பெட்டி கெட்டது என்று அர்த்தமில்லை. அதன் குரல் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். யு0100 என்றால் எஞ்சின் பெட்டியைக் காணோம். யு0121 என்றால் ஏபிஎஸ்ஸைக் காணோம். பெட்டியை மாற்றச் சொல்லி ஆயிரக்கணக்கில் செலவு வைக்குமுன் ஒரு மல்டிமீட்டர் போதும். ஒயரின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் இடையே அளந்தால் இரண்டும் இணையாக நின்று 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது ஒரு ரெசிஸ்டர் போயிருக்கிறது. சைபருக்குப் பக்கம் என்றால் ஷார்ட். (சில கார்களில் இந்த சாக்கெட் கேட்வே என்ற காவல் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், அங்கே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.)

இத்தனை பேச்சும் ராத்திரி என்ன ஆகிறது? தூங்கிவிடுகிறது! பூட்டிவிட்டுப் போன சில நிமிடங்களில் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கண்ணயரும். மொத்த வண்டியும் சில பத்து மில்லிஆம்பியரில் அடங்கிவிடும். கைப்பிடியைத் தொட்டதும் ஒன்று விழித்து மற்றவர்களை எழுப்பும். காலையில் பேட்டரி செத்துக் கிடந்தால், யாரோ ஒருவர் தூங்காமல் மற்றவர்களையும் தூங்கவிடாமல் பேசிக்கொண்டிருந்தார் என்றும் இருக்கலாம்.

காருக்குள் ஓடுவது கேன் மட்டுமல்ல. பவர் விண்டோ, சைடு மிரர் போன்ற அவசரமில்லாத வேலைகளுக்கு லின் என்ற ஒற்றை ஒயர் உண்டு; விநாடிக்கு 20,000 பிட், கேட்டால் மட்டும் பதில். 2001-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் பாட்டுக்காகப் பிளாஸ்டிக் ஒளி இழையில் ஒரு வளையமே போட்டது. வளையத்தில் ஒரு பெட்டி செத்தால் மொத்தக் கச்சேரியும் நின்றுவிடும். 2006-ல் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 சஸ்பென்ஷனுக்காக ஃபிளெக்ஸ்ரே வந்தது, விநாடிக்கு 1 கோடி பிட். 2013-ல் அதே வரிசைக் காரில் கேமராப் படங்களுக்காக ஈதர்நெட் நுழைந்தது. லாரிகளில் ஓடும் மொழி தனி. டிராக்டரும் கலப்பையும் பேசிக்கொள்ளவும் ஒன்று இருக்கிறது. ஆனால் இத்தனைக்கும் நடுவில் கேன் இன்னும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவு கெட்டிக்காரப் பேச்சில் ஒரே ஓட்டை. ஆரம்பத்தில் சொன்னோமே, யார் பேசுகிறார்கள் என்பது பேச்சிலேயே இல்லை என்று? 1980-களில் ஒயருக்குள் அந்நியர் எப்படி வர முடியும்! ஆனால் 2015 ஜூலையில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இருவர், நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியின் ஏசியையும் பாட்டையும் வைப்பரையும் மில்லரின் வீட்டிலிருந்தே ஆட்டிவைத்து, கடைசியில் ஆக்சிலரேட்டரையும் செயலிழக்கச் செய்தார்கள். ஓட்டியவர் ஒரு பத்திரிகையாளர். என்னவோ நடக்கப்போகிறது என்பது அவருக்கு முன்பே தெரியும். நுழைந்த வழி எது தெரியுமா? இன்டர்நெட் இணைப்புள்ள பாட்டுப் பெட்டி! நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

திருடர்கள் சும்மா இருப்பார்களா? 2022-ல் லண்டனில் ஒரு டொயோட்டா ராவ்4-ன் பம்பரை யாரோ இழுத்து, ஹெட்லைட் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். ஏதோ விஷமிகள் என்று நினைத்தார் உரிமையாளர். பிறகு காரே காணாமல் போனது. விதியைப் பாருங்கள், அவர் ஒரு சைபர் பாதுகாப்பு ஆய்வாளர்! அவரும் கேன் நிபுணர் கென் டின்டெல்லும் துப்புத் துலக்கி, 2023-ல் விவரத்தை வெளியிட்டார்கள். நவீன ஹெட்லைட்டும் ஒரு கம்ப்யூட்டர். அதற்கும் கேன் ஒயர் வருகிறது. அதில் ஒரு கருவியைச் செருகி, 'சாவி சரிதான்' என்ற பொய்ச் சேதியைப் போட்டால் கார் அப்படியே நம்பிக் கதவைத் திறக்கிறது. பார்த்தவர் சந்தேகப்படாதிருக்க அந்தக் கருவியை ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரின் கூட்டுக்குள் ஒளித்திருந்தார்கள்.

இதற்கு மருந்து, முக்கியமான சேதிகளுடன் ரகசிய முத்திரை ஒன்றையும் சேர்த்து அனுப்புவது. 8 பைட்டில் விஷயத்துக்கே இடம் பற்றாதபோது முத்திரையை எங்கே வைப்பது? அந்த 64 பைட் புது வகைக்கு மவுசு கூடியதற்கு இதுவும் ஒரு காரணம். ஐ.நா.வின் வாகன சைபர் பாதுகாப்பு விதி ஐரோப்பாவில் 2022 ஜூலையிலிருந்து புது மாடல்களுக்கும், 2024 ஜூலையிலிருந்து விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாகிவிட்டது.

சில நூறு ரூபாய் ப்ளூடூத் ஸ்கேனரை வாங்கி, அந்த 16 துளை சாக்கெட்டில் மாட்டியபடியே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அங்கே மாட்டிய எதுவும் கேட்க மட்டுமல்ல, பேசவும் முடியும். போதாக்குறைக்கு 16-ஆம் துளையில் பேட்டரி எந்நேரமும் நேரடியாக வருகிறது. சாவியை எடுத்தாலும் ஸ்கேனர் குடித்துக்கொண்டேதான் இருக்கும். பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் கழற்றி டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவிடுங்கள்.